இரும்புப் பெட்டியின் இரண்டு சாவிகள்

கூட்டுறவு சங்கத்திற்கு ஆய்வு செய்யச் செல்லும் இன்ஸ்பெக்டர், நாற்காலியில் அமர்ந்ததும் முதலில் இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்வது வழக்கம். உள்ளே இருக்கும் ரொக்கத்தை எண்ணிய பின்னரே சிட்டாவில் கண்ட இருப்போடு அதை ஒப்பிடுவார். அப்பெட்டிக்குப் பூட்டு இரண்டு. ஒரு சாவி காரியதரிசியிடமும், மற்றொன்று தலைவரிடமோ நிர்வாகக் குழுவினர் ஒருவரிடமோ இருக்கும். இருவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது.

“எங்கள்மீது நம்பிக்கை இல்லையா?” என்று மனம் நொந்து கேட்கும் காரியதரிசிகளும் உண்டு. இவ்விதி நம்பிக்கையின்மையால் பிறந்தது அன்று. பொதுப் பணம் தனி ஒருவரின் கைக்கு எட்டலாகாது என்பது அதன் ஒரு நோக்கம். நேர்மையாய் உழைப்பவர்மீது வீண் பழி விழலாகாது என்பது மற்றொரு நோக்கம். இரண்டாவது சாவி சங்கத்தைக் காப்பது போலவே காரியதரிசியையும் காக்கிறது.

இன்று அந்த இரும்புப் பெட்டியின் வேலையிற் பெரும்பகுதியைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டுவிட்டது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்கும் திட்டத்துக்கு, 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில், மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் அனுமதி அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் கூலிப் பட்டுவாடா வங்கிக் கணக்கின் வழியே நடைபெறுகிறது. இது வரவேற்கத்தக்க மாறுதலே. ஆனால் அங்கத்தினர் ஒவ்வொருவரும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. புதிய பெட்டிக்கும் இரண்டு சாவிகள் இருக்கின்றனவா?

பணம் என்பது பதிவே

பயிர்க் கடனாக 40,000 ரூபாய் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்றால், உங்கள் பெயருக்கு எதிரே ஓர் எண் எழுதப்பட்டது என்பதே பொருள். எனவே கணக்கைக் காப்பதும் பணத்தைக் காப்பதும் ஒன்றே. இக்காவலுக்கு மூன்று கூறுகள் உண்டு. கணக்கு அயலார் கண்ணிற் படாமை முதலாவது. உரிமையற்றவர் அதைத் திருத்த இயலாமை இரண்டாவது. வேண்டிய வேளையில் அது கிடைத்தல் மூன்றாவது. காகிதப் பேரேட்டுக்கும் இம்மூன்றும் வேண்டியவைதாம். ஆயினும் காகிதப் பேரேட்டைத் திருத்த ஒருவன் சங்கத்துக்குள் நுழையவேண்டும். கணிப்பொறிப் பேரேட்டைத் திருத்துகிறவன் கடல் கடந்தும் இருக்கலாம்.

பூனாவில் நடந்தது

இது வெறும் அச்சம் அன்று என்பதற்கு ஒரு கூட்டுறவு வங்கியின் அனுபவமே சான்று. 1906-இல் நிறுவப்பட்ட பூனா காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில், 2018 ஆகஸ்ட் 11-ஆம் தேதி சனிக்கிழமையன்று, 28 நாடுகளில் உள்ள ஏ.டி.எம். இயந்திரங்களிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் பணம் உருவப்பட்டது. இந்தியாவிலும் அன்றே போலி அட்டைகளைக் கொண்டு பணம் எடுக்கப்பட்டது. ஆகஸ்ட் 13-ஆம் தேதி மேலும் சுமார் 14 கோடி ரூபாய் ஹாங்காங்கிலுள்ள ஒரு கணக்குக்கு அனுப்பப்பட்டது. மொத்த இழப்பு சுமார் 94 கோடி ரூபாய்.

இது நடந்த விதத்தை அறிவது நமக்குப் பயன்படும். ஒருவர் ஏ.டி.எம். இயந்திரத்தில் அட்டையைச் செருகியதும், ‘இவர் கணக்கில் பணம் உண்டா? கொடுக்கலாமா?’ என்ற கேள்வி வங்கியின் கணிப்பொறிக்குச் செல்லும். ‘கொடு’ என்று விடை வந்தால் இயந்திரம் பணத்தை வெளியே தள்ளும். கேள்வியை வாங்கி விடையைத் திருப்பும் இடைநிலையத்துக்கு ஸ்விட்ச் என்று பெயர். திருடர்கள் அதைப் போன்ற போலி இடைநிலையம் ஒன்றை வங்கியின் அமைப்புக்குள் புகுத்திவிட்டனர். அது வங்கியின் பேரேட்டைக் கேளாமலே எல்லாக் கேள்விக்கும் ‘கொடு’ என்றே விடை பகர்ந்தது. வாயிலில் நிற்கும் காவலனை அகற்றிவிட்டு, அதே உடுப்பில் தம் ஆளை நிறுத்தியதற்கு இது ஒப்பாகும்.

பேரேட்டைக் கேட்கவே இல்லையாதலின் வைப்பாளர் கணக்குகளில் பற்று விழவில்லை. இழப்பு வங்கியைச் சார்ந்தது. ஆனால் கூட்டுறவு வங்கி யாருடையது? அதன் பங்குதாரர்களுடையது. அங்கத்தினரைச் சாராத இழப்பு என்று ஒன்று கூட்டுறவில் இல்லை.

எண்களால் ஆன பூட்டு

கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசும் செய்திகள் திறந்த வெளியில் செல்லவில்லையா என்று சிலர் ஐயுறலாம். அவை பூட்டப்பட்டே செல்கின்றன. அப்பூட்டின் தத்துவத்தை 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்டனர். மறு ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் அதற்கு நடைமுறை வடிவம் தந்தனர்.

அமுக்கினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டுகளை வங்கி ஏராளமாகச் செய்து, திறந்த நிலையில் யாவருக்கும் வழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். செய்தி அனுப்புகிறவர் அதைப் பேழையிலிட்டுப் பூட்டை அமுக்கி அனுப்பலாம். திறக்கும் சாவியோ வங்கியிடம் மட்டுமே உள்ளது. சாவியை யாருக்கும் அனுப்பவேண்டிய தேவையே எழவில்லை.

இரும்புக்குப் பதில் இங்கே எண்கள் பயன்படுகின்றன. 61-ஐ 53-ஆல் பெருக்கினால் 3,233 வரும் என்பதைப் பள்ளிச் சிறுவனும் சொல்வான். ஆனால் 3,233 என்பது எவ்விரு எண்களின் பெருக்கம் என்று கேட்டால் நாழிகை பிடிக்கும். நடைமுறையில் உள்ள எண்கள் 600 இலக்கங்களுக்கும் மேற்பட்டவை. அவற்றைப் பிரித்துக் காண இன்றைய கணிப்பொறிகளால் இயலாது.

நாளை இயலக்கூடும். குவாண்டம் கணிப்பொறி என்னும் புதுவகை இயந்திரம் போதிய அளவில் உருவானால், இத்தகைய எண்களை விரைவிற் பிரித்துவிடலாம் என்று பீட்டர் ஷோர் என்பவர் 1994-இல் நிறுவினார். அந்நாளை எதிர்பார்த்து, வேறு கணிதத்தில் அமைந்த மூன்று புதிய பூட்டு முறைகளை அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. இம்மாற்றம் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது நம் சங்கங்களையும் வந்தடையும். ஆகையால் புதுப்பித்தலைத் தள்ளிப்போடாதிருப்பதே நம் பங்கு. 2017 மே மாதத்தில் ஏறத்தாழ 150 நாடுகளில் கணிப்பொறிகளை முடக்கிய தீய மென்பொருளுக்கு மாற்று, இரண்டு மாதங்களுக்கு முன்பே இலவசமாய் வெளிவந்திருந்தது. அதை இட்டுக்கொள்ளாதவர்களே பெரிதும் அல்லற்பட்டனர்.

சாவி போகும் வழி

பூட்டு இத்துணை வலிதாயின் திருட்டு எவ்வாறு நிகழ்கிறது? பெரும்பாலும் பூட்டு உடைபடுவதில்லை, சாவிதான் கைமாறுகிறது.

ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், காரியதரிசியின் கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிக் கணிப்பொறிக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கக் கண்டேன். தொகையைப் பதிகிறவர் குமாஸ்தா. அதைச் சரிபார்த்து ஒப்புதல் தரவேண்டியவர் காரியதரிசி. ‘அவர் அடிக்கடி வெளியே செல்கிறார், வேலை தடைப்படாதிருக்கவே எழுதி வைத்தோம்’ என்றனர். தவறு எதுவும் அச்சங்கத்தில் நடந்திருக்கவில்லை. ஆனால் இரண்டு சாவிகளும் ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. இரும்புப் பெட்டியின் சாவியை அவ்வாறு சுவரில் மாட்டி வைப்பார்களா என்று கேட்டேன். அன்றே சீட்டைக் கிழித்துக் கடவுச்சொல்லை மாற்றினார்கள்.

ஒருவர் பதிய, மற்றொருவர் ஒப்ப வேண்டும் என்னும் முறையைச் சங்கங்கள் உயிராகக் கொள்ளவேண்டும். அதனோடு, நுழைகிறவர் தாமே என்பதற்கு இரண்டு வகைச் சான்று கேட்பது நலம். மனத்தில் உள்ள கடவுச்சொல் ஒரு வகை; கையில் உள்ள தொலைபேசி இரண்டாவது வகை; கைரேகை போன்ற உடலடையாளம் மூன்றாவது வகை. இவற்றுள் வெவ்வேறு வகையைச் சார்ந்த இரண்டு வேண்டும். ஓ.டி.பி. என்று நாம் வழங்கும் ஒருமுறை எண் இவ்வாறு பிறந்த இரண்டாவது சாவியே.

பூட்டப்பட்ட பேரேடு

திருடாமலே கொள்ளையடிக்கும் முறையும் ஒன்று உண்டு. தீய மென்பொருளைக் கணிப்பொறிக்குள் புகுத்தி, கணக்குகள் அனைத்தையும் திருடன் தன் பூட்டால் பூட்டிவிடுகிறான். பிறகு சாவிக்கு விலை கேட்கிறான். நல்ல செய்தியைக் காக்கப் பிறந்த அதே கணிதமே இங்கு தீயவன் கையில் ஆயுதமாகிறது.

2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராமிய வங்கிகளுக்கும் கணிப்பொறிச் சேவை செய்துவந்த ஒரு கம்பெனி இவ்வாறு தாக்குண்டது. தீங்கு பரவாதிருக்க, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அக்கம்பெனியின் தொடர்பைத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் அனுப்பவும் எடுக்கவும் இயலாது தவித்தனர். ஆகஸ்ட் முதல் தேதி தொடர்பு மீண்டது. ஒருவர் வீட்டில் பற்றிய தீ 300 வீடுகளின் அடுப்பை அணைத்தது.

இதற்கு மருந்து நகல். முந்நாளில் பேரேடு எரிந்தாலும் அங்கத்தினரின் பாஸ் புத்தகமும் ரசீதும் கணக்கை மீட்டெழுத உதவின. கணிப்பொறிக் கணக்குக்கும் அத்தகைய தனி நகல் வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் என்பது இத்துறையோர் வகுத்த விதி. வேற்றிட நகல் கணிப்பொறியோடு இணைக்கப்படாதிருத்தல் முக்கியம். இணைந்திருந்தால் அதையும் சேர்த்தே திருடன் பூட்டுவான். நகலிலிருந்து கணக்கை மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதிக்கவும் வேண்டும். முளைக்குமா என்று பாராமல் விதை நெல்லைச் சேமிப்பதுண்டா?

அங்கத்தினர் கையிலுள்ள சாவி

சங்கம் எத்துணை விழிப்பாயிருந்தாலும், அங்கத்தினரிடம் உள்ள சாவியை அவரே காக்கவேண்டும். ஓ.டி.பி. எண்ணைத் தொலைபேசியில் கேட்கிறவர் வங்கியைச் சேர்ந்தவர் அல்லர். யு.பி.ஐ. ரகசிய எண் பணம் கொடுப்பதற்குத் தேவை. பணம் பெறுவதற்குத் தேவையில்லை. ‘மானியம் வந்திருக்கிறது, ரகசிய எண்ணை அழுத்துங்கள்’ என்று கூறுகிறவன் உங்களிடமிருந்து எடுக்கவே வந்தவன்.

கைரேகை வைத்துப் பணம் பெறுகிறவர்கள் மேலும் கருத்தாயிருத்தல் வேண்டும். தறியிலும் வயலிலும் உழைத்து ரேகை தேய்ந்த விரல்கள் நம்முடையவை. ‘பதியவில்லை, மறுபடியும் வையுங்கள்’ என்று சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். முதல் முறையே பணம் எடுத்துவிட்டு மறுமுறை எடுக்கும் சூழ்ச்சியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறைக்கும் சீட்டுக் கேட்டு வாங்குங்கள். கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம். கைரேகையை மாற்ற முடியாது. ஆயின் ஆதார் ஆணையத்தின் வழியே ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு.

ஏமாற்றம் நேர்ந்தால் வெட்கி மறைக்கலாகாது. உடனே 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் தெரிவிக்கவேண்டும். வாடிக்கையாளரின் பிழையோ வங்கியின் பிழையோ இன்றி மூன்றாமவரால் நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் இழப்பு வாடிக்கையாளரைச் சாராது என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதித்தது. ரகசிய எண்ணைத் தாமே கூறிவிட்டவருக்கு, அறிவிக்கும் வரையில் நேர்ந்த இழப்பு அவருடையதே என்றும் விதித்தது. ஆகவே ஒவ்வொரு நாழிகையும் பணம்.

மகாசபையில் கேட்கவேண்டியவை

வங்கி வைப்புகளுக்கான காப்புறுதி வரம்பு 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம் ரூபாயாக உயர்ந்தது. கூட்டுறவு வங்கிகளும் அக்காப்புறுதியில் அடங்கும். தொடக்கக் கூட்டுறவு சங்கங்கள் அடங்கா. நம் சங்கத்தில் உள்ள வைப்புக்கு நம் விழிப்பே காப்புறுதி. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இக்கேள்விகளை மரியாதையுடன், ஆனால் விடாது கேளுங்கள்:

1. பதிகிறவரும் ஒப்புகிறவரும் வெவ்வேறு ஆட்களா? ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் உண்டா?

2. பணி விட்டு நீங்கியவரின் கடவுச்சொல் அன்றே நீக்கப்பட்டதா?

3. கணக்கின் நகல் எங்கே, யாருடைய பொறுப்பில் உள்ளது? அதிலிருந்து கடைசியாக மீட்டுப் பார்த்தது எந்தத் தேதி?

4. மென்பொருள் காலந்தவறாது புதுப்பிக்கப்படுகிறதா?

5. கணிப்பொறி ஒரு வாரம் முடங்கினால் கூலிப் பட்டுவாடாவும் கடன் வழங்கலும் எவ்வாறு நடைபெறும்?

இவற்றுக்கு விடை கூற எந்தக் காரியதரிசியும் மனம் நோகவேண்டியதில்லை. 1904-இல் திரூரில் முதற் சங்கம் தோன்றிய நாள் முதல், ஒருவரையொருவர் அறிந்தவர்கள் ஒருவர் கணக்கை ஒருவர் கேட்டறிவதே கூட்டுறவின் பலமாக இருந்துவருகிறது. சாவி இரும்பினின்று எண்ணாக மாறியிருக்கிறது. அதை இருவர் வைத்திருக்கவேண்டும் என்ற விதி மாறவில்லை. வருகிற மகாசபைக்கு வரும்போது உங்கள் பாஸ் புத்தகத்தோடு இவ்வைந்து கேள்விகளையும் எடுத்து வாருங்கள்.