தொலைவா, துளையா?

முதல்முறையாகக் கேமரா வாங்க நினைப்பவர் பெரும்பாலும் இரண்டு பொருள்களுக்கு நடுவே வந்து நின்றுவிடுகிறார். ஒன்று, கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்ற ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர். கூடவே 18-55 கிட் லென்ஸ். மற்றது, நிக்கான் பி900, கேனான் எஸ்எக்ஸ்70 போன்ற சூப்பர்ஜூம் கேமரா. பிரிட்ஜ் கேமரா என்றும் சொல்வார்கள். தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் பி900 தன்னை ‘83எக்ஸ்’ என்று சொல்லிக்கொள்கிறது. டிஎஸ்எல்ஆரோடு வரும் லென்ஸுக்குக் கணக்குப் போட்டால் 3எக்ஸ்தான் தேறும். எண்பத்து மூன்றை விட்டுவிட்டு மூன்றை வாங்க யாருக்கு மனம் வரும்? ஆனால் எக்ஸ் என்பது வெறும் விகிதம். லென்ஸின் அதிகபட்சக் குவியத் தூரத்தைக் குறைந்தபட்சக் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பது. பி900-இல் 357 மி.மீ.-ஐ 4.3 மி.மீ.-ஆல் வகுக்கிறோம், 83 வருகிறது. காட்டுயிர்ப் படக்காரர்கள் தோளில் சுமந்து அலையும், குவியத் தூரம் மாறாத 600 மி.மீ. பிரைம் லென்ஸுக்கு இதே கணக்கில் 1எக்ஸ்தான். ஆகவே எக்ஸை வைத்துக் கேமராவை அளக்க முடியாது. மெகாபிக்சலை வைத்தும் முடியாது. அது ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். நான் அளக்கச் சொல்வது வேறொன்றை: லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதை.

அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். லென்ஸின் முகப்பைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியைச் சுற்றி, கறுப்பு வளையத்தில் பொடி எழுத்தில் சில எண்கள் இருக்கும். பி900-இல் 4.3-357 மி.மீ., 1:2.8-6.5 என்று இருக்கும். முதல் ஜோடி குவியத் தூரம். இரண்டாவது ஜோடி எஃப் எண். குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்துக் கிடைப்பதுதான் எஃப் எண். எனவே குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கைக்கு வந்துவிடும். பி900 ஜூம் செய்யாமல் இருக்கும்போது 4.3-ஐ 2.8-ஆல் வகுக்க 1.5 மி.மீ.; ஒரு கடுகின் அகலம்தான். முழு ஜூமில் 357-ஐ 6.5-ஆல் வகுக்க 55 மி.மீ.; டம்ளர் வாய்க்குப் பக்கத்தில் வந்துவிடும். இப்போது டிஎஸ்எல்ஆர். 18-55 கிட் லென்ஸ் விரிந்த நிலையில் 18-ஐ 3.5-ஆல் வகுக்க 5 மி.மீ. இதற்குத் துணையாகப் பலரும் வாங்கும் 55-250 லென்ஸின் கடைசி முனையில், 250-ஐ 5.6-ஆல் வகுக்க 45 மி.மீ. இந்த நான்கு எண்களுக்குள்தான் தகராறு முழுவதும் அடங்கியிருக்கிறது. கிட்டத்தில் டிஎஸ்எல்ஆரின் துளை பெரிது. வெகு தொலைவில் பிரிட்ஜின் துளை பெரிது.

துளை ஏன் அவ்வளவு முக்கியம்? ஒளி தொடர்ச்சியாக ஒழுகும் நீரைப் போன்றதில்லை. மழைத்துளிபோல ஃபோட்டான் ஃபோட்டானாக விழுகிறது. ஒரு புள்ளியில் சராசரியாக 10,000 ஃபோட்டான் விழுந்தால், அதில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100 அளவுக்கு இருக்கும். அதாவது ஒரு சதவீதம், கண்ணுக்கே தெரியாது. விழுவது 100 ஃபோட்டான்தான் என்றால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்துச் சதவீதம். படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் ‘நாய்ஸ்’ பெரும்பாலும் இதுதான். எந்த நிறுவனத்தின் சென்சாராலும் இதை நீக்க முடியாது. கூடுதல் ஃபோட்டானைப் பிடிப்பது ஒன்றே வழி. குறிப்பிட்ட தூரத்தில் இருக்கும் ஒரு பொருளிலிருந்து, குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை ஃபோட்டான் உள்ளே வரும் என்பதைத் துளையின் பரப்பு முடிவு செய்கிறது.

வீட்டுக்குள் வந்து பாருங்கள். நண்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். டியூப் லைட் எரியும் கூடத்தில் 100 முதல் 300 லக்ஸ் இருந்தால் அதிகம். நம் கண் இந்தப் பாதாளத்தை உணராமலே பழகிக்கொள்கிறது. கேமராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இந்த வெளிச்சத்தில் குழந்தை ஓடுகிறது. டிஎஸ்எல்ஆரில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் போட்டால் துளை 28 மி.மீ. அதே சட்டகத்தைப் பிரிட்ஜ் கேமராவில் அமைக்க அதன் உண்மையான குவியத் தூரம் 14 மி.மீ. அருகில் இருக்கவேண்டும், எஃப்/2.8 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் துளை 5 மி.மீ.-ஐத் தாண்டாது. பரப்பில் இது 30 மடங்கு வித்தியாசம். டிஎஸ்எல்ஆர் விநாடியில் 250-இல் ஒரு பங்கு நேரத்தில் பிடித்துவிடும் படத்துக்கு, அதே சுத்தம் வேண்டுமானால் பிரிட்ஜ் கேமரா விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் குழந்தை அடுத்த அறைக்குப் போயிருக்கும். பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும் அந்த அழகும் துளையின் அகலத்தால் வருவதுதான்.

பிரிட்ஜ் கேமராவிலும் அகலத் துளையை வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். இங்குதான் பெரிய சென்சாரின் உண்மையான பயன் தெரிகிறது. 1500டி-யின் சென்சார் 22.3 × 14.9 மி.மீ.; பி900-இன் சென்சார் சுமார் 6.2 × 4.6 மி.மீ.; பரப்பில் ஏறக்குறைய 12-க்கு 1. இந்தச் சின்னச் சென்சாருக்கு 14 மி.மீ. குவியத் தூரத்தில் 28 மி.மீ. துளை வேண்டுமென்றால் எஃப் எண் 0.5 ஆகவேண்டும். காற்றில் வேலை செய்யும் லென்ஸுக்கு இயற்பியல் விதித்திருக்கும் எல்லையே எஃப்/0.5தான். ஸ்டான்லி குப்ரிக் ‘பேரி லிண்டன்’ படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சக் காட்சிகளை எடுக்கத் தேடிப் பிடித்தது, ஸைஸ் நிறுவனம் நாசாவுக்காகச் செய்த எஃப்/0.7 லென்ஸ், அதுவே அபூர்வப் பொருள். ஆக டிஎஸ்எல்ஆரில் சில ஆயிரம் ரூபாய் லென்ஸ் செய்யும் வேலையைச் சின்னச் சென்சாரில் எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது.

இதுவரை படித்துவிட்டு, சின்னச் சென்சார் என்றாலே மட்டம் என்று முடிவுகட்டினால் அது அநியாயம். வேடந்தாங்கலுக்குப் போனால் கணக்கு தலைகீழாகிறது. பறவைகள் ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கும். நாம் கரையில் நிற்கிறோம். பக்கத்தில் போகவும் முடியாது, போகவும் கூடாது. நூறு மீட்டர் தள்ளி ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். பி900-இன் முழு ஜூமில் அந்தத் தூரத்தில் சட்டகத்தின் அகலம் சுமார் 1.7 மீட்டர்; பறவை கச்சிதமாக நிறைகிறது. 1500டி-யில் 250 மி.மீ. லென்ஸ் போட்டால் சட்டகத்தின் அகலம் கிட்டத்தட்ட 9 மீட்டர். மரம் மொத்தமும் வந்து பறவை ஒரு மூலையில் இருக்கும். வெட்டிப் பெரிதாக்கினால் போயிற்று, சென்சார்தான் பெரிதாயிற்றே என்பார்கள். இந்த வாதம் இங்கே எடுபடாது. வெட்டிய பிறகு அந்தப் பறவைக்கு மிஞ்சும் சென்சார் பரப்பு, பிரிட்ஜ் கேமராவின் மொத்தச் சென்சாரைவிடவும் சிறியது. பறவையிலிருந்து வரும் ஒளியை ஒரு கேமரா 45 மி.மீ. துளையாலும் மற்றது 55 மி.மீ. துளையாலும் பிடிக்கின்றன. பிரிட்ஜுக்கு ஒன்றரை மடங்கு ஒளி கூடுதல். 2018-இல் வந்த நிக்கான் பி1000-இல் துளை 67 மி.மீ.; அங்கே இரண்டு மடங்குக்கும் மேல்.

நிலாவில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 250 மி.மீ. லென்ஸில் முழுநிலவு சென்சாரின் குறுக்கே சுமார் 600 பிக்சல்தான். பி900-இல் 2,400 பிக்சல். பி1000-இன் முழு ஜூமிலோ நிலவு சட்டகத்துக்குள் அடங்காமல் வெளியே வழியும். நிலவில் அடிப்பது வெயில்தானே, எனவே ஒளிக்குப் பஞ்சமும் இல்லை. துளையின் அகலம்தான் எவ்வளவு நுண்ணிய விவரம் தெரியும் என்பதற்கும் எல்லை போடுகிறது. ஒளி ஒரு துளை வழியே வரும்போது விளிம்பு விளைவால் சற்றுப் பரவும். துளை குறுக, பரவல் கூடும். 55 மி.மீ. துளைக்கு நிலவில் 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவுவரை பிரித்துக் காட்டும் தகுதி, கணக்குப்படி, உண்டு.

மெகாபிக்சலின் கதையும் இதே விளிம்பு விளைவில்தான் முடிகிறது. எஃப்/6.5-இல் ஒரு நட்சத்திரத்தின் பிம்பம்கூடச் சென்சாரில் ஒன்பது மைக்ரான் அகலமுள்ள வட்டமாகத்தான் விழும். பி900-இன் ஒரு பிக்சல் 1.3 மைக்ரான். ஒரு புள்ளியே ஆறேழு பிக்சல் அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறபோது, 16 மெகாபிக்சலை 32 ஆக்கினாலும் புதிதாக ஒரு இறகுகூடத் தெரியாது.

இடைப்பட்ட தொலைவுகளில் இவ்வளவு தெளிவான தீர்ப்பு சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 55-250 லென்ஸ் முழுதாக நீண்டால் காட்டும் காட்சியை, பழைய ஃபிலிம் அளவில் 400 மி.மீ.-க்குச் சமமானதை, பி900-இல் அமைத்தால் அதன் துளை 25 மி.மீ.-க்கு மேல் போக வழியே இல்லை. எதிரே நிற்பது 45. ஜூம் கடைசிக் கட்டத்தை எட்டும்போதுதான் பிரிட்ஜ் முந்துகிறது. பத்தடி, இருபதடித் தூரத்தில் வந்து உட்காரும் மைனாவுக்கும் அணிலுக்கும் டிஎஸ்எல்ஆரே மேல். வெட்டியெடுத்து 4 மெகாபிக்சல் மிஞ்சினாலும் பத்திரிகையில் அச்சிடப் போதும். பறக்கும் பறவைக்கும் அதுவே மேல். டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் அமைப்பு எந்தப் பக்கம், எவ்வளவு நகரவேண்டும் என்பதை ஒரே அளவீட்டில் அறிந்துகொள்கிறது. பெரும்பாலான பிரிட்ஜ் கேமராக்கள் முன்னும் பின்னுமாக லென்ஸை நகர்த்திப் பார்த்துக் கூர்மையைத் தேடுகின்றன; தேடி முடிப்பதற்குள் கொக்கு போய்விடும். வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து எழும் கானல் வேறு இருக்கிறது. காற்றே நெளியும்போது எந்தக் கேமராவின் நீண்ட ஜூமும் உதவாது. விடியற்காலையில் போவதுதான் அதற்கு மருந்து.

டிஎஸ்எல்ஆருக்கு 150-600 லென்ஸ் வாங்கிக்கொண்டால் இரண்டும் கிடைக்குமே என்பது அடுத்த கேள்வி. கிடைக்கும், 600-ஐ 6.3-ஆல் வகுக்க 95 மி.மீ. துளை, எந்தப் பிரிட்ஜும் பக்கத்தில் வராது. ஆனால் எடை இரண்டு கிலோ. விலை ஆரம்பநிலை கேமராவின் விலையைத் தாண்டிப் போய்விடும். அது வேறொரு பட்ஜெட், வேறொரு வாழ்க்கை. சோனியின் ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்புபோல ஓரங்குலச் சென்சார் கொண்ட பிரிட்ஜ் கேமராவைச் சிலர் சமரசமாகச் சொல்வார்கள். நல்ல கருவி. அதன் 220 மி.மீ.-ஐ 4-ஆல் வகுத்துப் பாருங்கள்: 55 மி.மீ. பி900-இன் அதே துளை! தொலைவில் ஒளியளவில் இரண்டும் சமம். கிட்டத்தில் சோனி வெகுவாக மேல். அந்த மேன்மைக்குத்தான் அவ்வளவு விலை.

டிஎஸ்எல்ஆரே வழக்கொழிந்து வருகிறதே, கண்ணாடியில்லா மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்டனவே என்பதும் நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் ஏபிஎஸ்-சி எனப்படும் அதே அளவுச் சென்சாரும் அதே லென்ஸ் கணக்கும்தான் அங்கும். மேலே சொன்னதில் ‘டிஎஸ்எல்ஆர்’ என்று வருமிடத்தில் ‘ஏபிஎஸ்-சி மிரர்லெஸ்’ என்று போட்டுக்கொண்டால் ஒளிக் கணக்கு ஒன்றும் மாறாது. மாறியிருப்பது பழைய டிஎஸ்எல்ஆரின் விலை. அது வாங்குபவருக்கு லாபம்.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது கையிலிருக்கும் போன்தான். இன்றைய நல்ல போன்களின் முதன்மைக் கேமராவில் துளை 3 முதல் 4 மி.மீ. இருக்கிறது, சென்சாரும் பி900-இல் இருப்பதைவிடப் பெரிது. அதாவது ஜூம் செய்யாத பிரிட்ஜ் கேமராவின் 1.5 மி.மீ. துளையை உங்கள் சட்டைப் பையிலிருக்கும் போன் ஏற்கெனவே தோற்கடித்துவிட்டது. பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கும் மென்பொருள் வேறு அதற்குத் துணை. ஆகவே 83எக்ஸ் வாங்குகிறவர் உண்மையில் அதன் கடைசி முனைக்குத்தான் பணம் கொடுக்கிறார். வெறும் கிட் லென்ஸோடு டிஎஸ்எல்ஆர் வாங்குகிறவரும் அரைகுறையாகத்தான் வாங்குகிறார், 50 மி.மீ.-இல் எஃப்/5.6 என்றால் துளை 9 மி.மீ., எஃப்/1.8 லென்ஸின் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் வரும்.

பறவையும் நிலவும்தான் உங்கள் ஆசை என்றால், தயங்காமல் பிரிட்ஜ் கேமராவை வாங்குங்கள். சென்சார் சின்னது என்று யார் சொன்னாலும் கலங்க வேண்டாம். வீட்டு மனிதர்கள், கோயில் பிராகாரம், கல்யாண மண்டபம், அந்தி நேரத் தெரு என்றால் டிஎஸ்எல்ஆர். அதில் 55-250 லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து, முதலில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை வாங்கிவிடுங்கள்.