குறட்டையை கம்ப்யூட்டரில் பதிவு செய்யலாம்

கம்ப்யூட்டர் வாங்கியதும் பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், கடிதம் டைப் செய்கிறோம். அதே கம்ப்யூட்டரை ஒரே ஒரு இரவு, உங்கள் வீட்டில் குறட்டை விடுபவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டாக்டருக்கு உதவும் தகவல் ஒன்று கிடைக்கும். குறட்டை விடுபவருக்குத் தன் குறட்டை கேட்பதில்லை. மற்றவர்கள் சொன்னால் நம்புவதும் இல்லை. ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினால் மறுக்க முடியாது. முதலில் அவரிடம் சம்மதம் கேட்டுக் கொள்ளுங்கள்.

குறட்டை விடும் எல்லோருக்கும் நோய் இருப்பதில்லை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. காற்று போகும் வழி குறுகி, அங்குள்ள மெல்லிய சதை அதிர்கிறது. அதுதான் குறட்டை. சிலருக்கு இந்த வழி அடியோடு அடைத்துக் கொள்கிறது. நெஞ்சு மூச்சிழுக்க முயலும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை உடனே அவரைத் தட்டி எழுப்பும். பெரிய செருமலுடன் மூச்சு திரும்பும். காலையில் இது எதுவும் அவருக்கு நினைவிருக்காது. இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். பெரியவர்களுக்கு மூச்சு 10 விநாடி அல்லது அதற்கு மேல் நின்றால் அதை ஒரு தடவையாகக் கணக்கிடுகிறார்கள். மூச்சு நிற்பதும், குறைவதும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 14 தடவை என்றால் லேசானது, 15 முதல் 29 நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் கடுமையானது.

ஆகவே, குறட்டைச் சத்தத்தை விட நடுவில் வரும் மௌனத்தைத்தான் நாம் பிடிக்க வேண்டும்.

இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர் போதும். 2000-ம் ஆண்டிலிருந்து இருக்கிறது. எடிட் மெனுவில் பிரிபரன்சஸ் சென்று சேனலை மோனோ என்றும், சாம்பிள் ரேட்டை 8000 என்றும், பார்மட்டை 16 பிட் என்றும் மாற்றுங்கள். (வெர்ஷனுக்கு ஏற்ப இவை இருக்கும் பக்கம் கொஞ்சம் மாறும்.) டெலிபோன் பேச்சின் தரம் இது, குறட்டைக்குத் தாராளம். இந்த அளவில் 8 மணி நேரத்துக்கு சுமார் 460 எம்பி இடம் பிடிக்கும். 44100, 32 பிட் என்று விட்டுவிட்டால் 5 ஜிபி-யைத் தாண்டும்.

ஆடாசிட்டியில் சவுண்ட் ஆக்டிவேட்டட் ரெக்கார்டிங் என்று ஒரு வசதி உண்டு. சத்தம் வரும்போது மட்டும் பதிவு செய்து இடத்தை மிச்சப்படுத்தும். இந்த வேலைக்கு அதைத் தொடவே வேண்டாம். நமக்குத் தேவையான மௌனத்தையே வெட்டிவிடும். விண்டோஸில் மைக்குக்கான இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால் அதையும் நிறுத்தி வையுங்கள். மெல்லிய மூச்சை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும்.

கம்ப்யூட்டரும் தூங்கிவிடக் கூடாது! கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, ஸ்லீப் என்பதற்கு நெவர் என்று கொடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி, மூடியைத் திறந்தே வையுங்கள். மைக்கைத் தலைமாட்டிலிருந்து மூன்றடி தள்ளி, மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள்.

காலையில் முழுவதையும் கேட்க யாருக்குப் பொறுமை இருக்கும்? அலைவரிசைப் படத்தைப் பார்த்தாலே போதும். கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டினால் படம் விரியும். சாதாரணக் குறட்டை மூன்று முதல் ஐந்து விநாடிக்கு ஒன்றாக, வேலிக் கம்புகள் போல வரிசையாகத் தெரியும். ஆப்னியா இருந்தால் கம்புகள் உயர்ந்து கொண்டே போய், திடீரென்று வெறும் கோடாகி, பிறகு ஒரு பெரிய முட்டுடன் மீண்டும் தொடங்கும். இது திரும்பத் திரும்ப வரும். வெறும் கோடு மட்டும் இருந்தால் பயப்படாதீர்கள். அமைதியாக மூச்சு விட்டாலும் கோடுதான் வரும். கோடும் அதன் முடிவில் செருமலும் சேர்ந்து வருவதுதான் அடையாளம்.

என் அண்ணன் வேன் ஓட்டுகிறார். அவருடைய பதிவில் இரவு 2.10-க்குப் பிறகு வந்த பத்தே நிமிடத்தில் இப்படி 9 இடைவெளிகளை எண்ணினேன். ஒன்று 34 விநாடி. அதைக் கேட்ட டாக்டர், பரிசோதனை முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பிழைப்பே அதுதான் என்பதால் அண்ணனுக்குக் கோபம். ஆனால் சிக்னலில் நிற்கும்போதே கண் சொருகுவதை அவரே டாக்டரிடம் ஒப்புக் கொண்டார்.

பகல் தூக்கம் தவிர, காலைத் தலைவலி, வாய் உலர்தல், இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுதல், மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், மறதி, எரிச்சல் இவையும் அறிகுறிகள். குறட்டையே இல்லாமலும் ஆப்னியா வரலாம். குழந்தைகள் தினமும் குறட்டை விட்டால் டான்சில் அல்லது அடினாய்டு வீக்கமாக இருக்கலாம். ‘நல்லா தூங்குறான்’ என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நம் பதிவை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. ஆக்சிஜன், நெஞ்சு அசைவு, மூக்குக் காற்று, மூளை அலை எல்லாவற்றையும் இரவு முழுவதும் அளக்கும் பாலிசோம்னோகிராபி பரிசோதனைதான் முடிவு சொல்லும். சிகிச்சையும் இருக்கிறது. மூக்கில் மாட்டும் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து தொண்டையைத் திறந்தே வைக்கும் சிபேப் முறையை, ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-ல் உலகுக்கு அறிவித்தார். உடல் எடை குறைப்பதும், இரவில் மது குடிக்காமல் இருப்பதும் பலருக்கு உதவும்.

டாக்டரிடம் எட்டு மணி நேரப் பதிவைக் கொடுக்காதீர்கள். இடைவெளி தெளிவாக உள்ள ஐந்து நிமிடத்தை மவுஸால் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் எம்பி3-யாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வைரஸ் பயத்தால் பல கிளினிக்குகளில் பென் டிரைவைச் செருக விட மாட்டார்கள். உங்கள் செல்போனில் ஏற்றிச் செல்லுங்கள். தூங்கப் போன நேரம், எழுந்த நேரம், சாப்பிடும் மாத்திரைகள் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள்.