காகிதத்தில் உள்ள வீடும் மண்ணில் நிற்கும் வீடும்

பெங்களூரில் சொந்த வீட்டை விற்க முடிவெடுக்கும் குடும்பம் பெரும்பாலும் முதலில் பெயிண்டரைத்தான் அழைக்கிறது. ஆனால் இந்நகரில் ஒரு வீடு என்ன விலைக்குப் போகும், எத்தனை மாதத்தில் போகும் என்பவற்றைச் சுவரின் நிறத்தைவிட அலமாரியில் கிடக்கும் ஆவணங்களே தீர்மானிப்பதால், விற்பனைக்கான ஆயத்தமும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். பத்திரத்தில் எழுதப்பட்ட வீடு, வரி ரசீதில் காட்டப்பட்ட வீடு, மண்ணின்மேல் நிற்கும் வீடு ஆகிய மூன்றும் ஒன்றுதானா என்பதே வாங்குபவரின் வழக்கறிஞருக்கும், அவருக்குக் கடன் தரும் வங்கிக்கும் எழும் முதல் கேள்வி.

இவ்வாவணங்களுள் நகரவாசிகள் அதிகம் பேசுவது காத்தாவைப் பற்றியே. காத்தா என்பது உள்ளாட்சி அமைப்பு சொத்துவரி வசூலிப்பதற்காகப் பராமரிக்கும் பதிவேட்டில் ஒரு சொத்துக்கு உரிய கணக்கு. வரி கட்ட வேண்டியவர் யார் என்பதை அது காட்டுமே தவிர, உரிமையை அது உண்டாக்குவதில்லை, உரிமை கிரயப் பத்திரத்திலிருந்தே வருகிறது. முறையான அங்கீகாரம் பெற்ற சொத்துகள் ‘ஏ’ காத்தாவிலும், விவசாய நிலத்தை வீட்டுமனையாக மாற்றும் அனுமதியின்றிப் பிரிக்கப்பட்ட ரெவின்யூ மனைகள் போன்றவை ‘பி’ பதிவேட்டிலும் இடம்பெற்று வந்தன. பின்னதற்கு வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை என்பதால் வாங்குவோர் வட்டமும் விலையும் சுருங்கிவிடுகின்றன. விதிமீறல்களைக் கட்டணம் பெற்று முறைப்படுத்துவதற்கான ‘அக்ரம–சக்ரம’ திட்டத்தை 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்ததை நினைவில் கொண்டால், ‘பின்னால் சரியாகிவிடும்’ என்ற வாய்மொழி உறுதியோடு வீட்டை விற்க முனைவது எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

2024 அக்டோபர் முதல் நகரில் சொத்துப் பதிவுக்கு மின்னணு வடிவிலான இ-காத்தா கட்டாயமாயிற்று. பெருநகர பெங்களூரு மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்ட பின்னரும் அத்தேவை நீங்கவில்லை. பத்திர எண், வரிக் கணக்கு, ஆதார், மின் இணைப்பு எண் ஆகியவற்றை இணைத்துப் பார்க்கும் இம்முறையில் தமிழ்க் குடும்பங்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ பல ஆண்டுகளுக்கு முன் பதிவான பத்திரத்தில் தந்தை பெயரின் முன்னெழுத்து மட்டும் இருக்க, ஆதாரில் அது முழுப்பெயராக விரிந்து பெயருக்குப் பின்னால் நிற்கும். வரி ரசீதிலோ எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். மூன்று பெயரும் ஒருவரையே குறிப்பவை என்று உறுதிமொழிப் பத்திரம் தயாரித்துத் திருத்தம் பெறச் சில வாரங்கள் பிடிக்கக்கூடும் என்பதால், வாங்குபவர் வந்து நிற்கும் நாளுக்கு முன்பே இதைச் செய்து முடிப்பது நல்லது.

அடுத்தது வில்லங்கச் சான்று. குறிப்பிட்ட காலத்தில் அச்சொத்தின்மீது பதிவான கிரயம், அடமானம், பாகப்பிரிவினை முதலியவற்றைக் காட்டும் இச்சான்று கர்நாடகத்தில் பதிவுகள் இருந்தால் படிவம் 15-லும், ஏதும் இல்லையெனில் படிவம் 16-லும் வழங்கப்படுகிறது. கடனை அடைத்தும் அடமானப் பதிவை நீக்காமல் விட்டுவிட்ட வீடுகளில் அப்பழைய கடன் இன்னும் உயிரோடு இருப்பதுபோல் இதில் தெரியும். கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் வங்கி மூல ஆவணங்களைத் திருப்பித் தந்து, அடமானப் பதிவையும் நீக்க வேண்டும் என்றும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி வகுத்த விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உரிமையாளர் அதைத் தயங்காமல் சுட்டிக்காட்டலாம். பவர் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கைமாறிய மனைகளின் நிலை வேறு. பவர் பத்திரம் வழியான விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்திவிட்டபடியால், அத்தகைய வீட்டுக்கு முறையான கிரயம் பெறுவதே முதல் வேலை.

தந்தை உயில் எழுதாமல் இறந்த வீட்டில் சிக்கல் காகிதத்தோடு நிற்பதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, அவர் தாமே ஈட்டிய சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாய் ஆகியோருக்குச் சமபங்கு 1956 முதலே உண்டு. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமையைக் கர்நாடகம் 1994-இலேயே வழங்கிவிட்டது. மணமாகிச் சேலத்துக்கோ சிங்கப்பூருக்கோ சென்றுவிட்ட அக்காளின் கையெழுத்து பதிவன்று கிடைத்துவிடும் என்று அண்ணன் தம்பிகள் எண்ணிக்கொள்வதும், அட்வான்ஸ் வாங்கியபின் அவர் பங்கு கேட்பதும் இந்நகரில் புதிதல்ல. அவருடைய பங்கு அவருக்கு உரியதாகையால், அதைப் பேசித் தீர்ப்பது விலை பேசுவதற்கு முந்திய கடமையாகும்.

இவற்றுக்குப் பிறகே சுவர். மொட்டைமாடியில் நீர் வடியும் துளை அடைபட்டோ, தளத்தின் சரிவு கெட்டோ இருக்கும் வீட்டில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையான மழையில் ஈரம் கூரைமூலையில் பழுப்பு வளையமாகப் படியும். அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரமோ தரையை ஒட்டிய ஓரடி உயரத்தில் வெள்ளை உப்பாகப் பூத்து, விரலால் தொட்டால் மாவுபோல் உதிரும். இதன்மேல் பட்டி பூசி இரண்டு கோட் பெயிண்ட் அடிப்பதை ஆயத்தம் என்று தரகர் சிலர் பரிந்துரைக்கின்றனர். அது ஆயத்தமன்று, மறைப்பு. சாதாரணக் கவனத்தால் வாங்குபவர் கண்டறிய முடியாததும் விற்பவர் அறிந்ததுமான முக்கியக் குறையை வெளிப்படுத்த வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுவதோடு, அவ்வாறு வெளிப்படுத்தாமையை மோசடி என்றே வகைப்படுத்துகிறது. தளத்தைச் சரிசெய்து, ஒரு மழை கண்டு, சுவர் உலர்ந்தபின் வண்ணம் பூசுவதும், செய்த பணியின் பில்லை வாங்குபவரிடம் காட்டுவதுமே நேர்மையான வழி. பார்க்க வருபவரின் நம்பிக்கையைப் பெறுவதும் அதுவே.

2024-இன் கோடை வறட்சிக்குப் பிறகு பெங்களூரில் வீடு பார்க்க வருபவர் ஹாலைவிடச் சம்ப்பை முதலில் திறந்து பார்ப்பது இயல்பாகிவிட்டது. காவிரி இணைப்பு உள்ளதா, போர்வெல் எத்தனை அடி, கோடையில் லாரித் தண்ணீர் வாங்க நேர்ந்ததா என்ற கேள்விகளுக்கு உண்மையான விடையோடு கடந்த ஓராண்டுக் குடிநீர் பில்களையும் எடுத்துவைப்பது பயன் தரும். 60-க்கு 40 மனையில் உள்ள வீடுகளுக்கும் 30-க்கு 40 மனையில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு 2009-இல் கட்டாயமாக்கப்பட்டது. அதைச் செய்யாத வீட்டின் பில்லில் அபராதத் தொகை தனியே ஏறுவதால், அக்குறையை மறைக்கவும் இயலாது.

இடத்தை அளப்பதும் இக்கட்டத்திலேயே நடைபெற வேண்டும். அனுமதி வரைபடத்தில் இரண்டு தளம் இருக்க, மண்ணில் மூன்றாவது எழும்பி, சொத்துவரியும் இரண்டுக்கே கட்டப்பட்டு வந்திருந்தால், வங்கியின் மதிப்பீட்டாளர் டேப்பை விரித்த சில நிமிடங்களில் அது வெளிப்பட்டுவிடும். வரி வித்தியாசத்தை முன்கூட்டியே செலுத்தி, வரைபடத்தை மீறிய பகுதியைத் தெளிவாகச் சொல்லி அதற்கேற்ப விலை பேசுவதே உகந்தது. கீழ்த்தளத்தில் லீசுக்கு, அதாவது மாத வாடகையின்றி மொத்தத் தொகை பெற்று, குடிவைக்கப்பட்டவர் இருந்தால், அத்தொகையை எப்போது யார் திருப்பித் தருவது என்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்சை ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விலை 50 லட்சத்தை எட்டினால், இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளரிடமிருந்து வாங்குபவர் 1 விழுக்காடு பிடித்து அரசுக்குச் செலுத்துவார். இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டின் ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 12.5 விழுக்காடு வரி; அதற்கு முன் வாங்கிய உள்நாட்டுவாசி, பணவீக்கத்துக்கேற்ப வாங்கிய விலையை உயர்த்திக் கணக்கிட்டு 20 விழுக்காடு கட்டும் பழைய முறையில் வரி குறைவாக வருமானால், அக்குறைந்த தொகையையே செலுத்தலாம். இடையில் ஒரு மாடி எழுப்பிய செலவும் இக்கணக்கில் கழியும், வெள்ளையடித்த செலவு கழியாது. ஆகவே கொத்தனாருக்கும் கம்பிக்கும் கொடுத்த பழைய ரசீதுகளைத் தேடி எடுத்து, விலை சொல்வதற்கு முன்பே ஆடிட்டரிடம் காட்டிவிட வேண்டும்.