பெயர் வைக்காத பிள்ளை

பிராங்கன்ஸ்டைன் என்றதும் உங்கள் மனக்கண் முன் என்ன தோன்றுகிறது? சதுரத் தலை, கழுத்தில் இரண்டு ஆணி, தள்ளாடும் நடை! 1931-ல் வெளிவந்த ஹாலிவுட் படத்தில் போரிஸ் கார்லாப் போட்ட வேஷம் அது. ஆனால் நேயர்களே, பிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயரல்ல. அதைப் படைத்தவனின் பெயர். பூதத்துக்குப் பெயரே கிடையாது. படைத்தவன் வைத்தால் அல்லவா இருக்கும்?

1816-ல் ஜினீவா ஏரிக்கரையில் மேரி ஷெல்லி இந்தக் கதையை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தவர். காதலனோடு வீட்டை விட்டுப் போனதால் தந்தையும் சில காலம் முகம் கொடுக்கவில்லை. ஒதுக்கப்படுவது இன்னதென்று அறிந்தவர்தான், 1818-ல் பிரசுரமான இந்த நாவலை எழுதினார்.

விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்ற மாணவன் தான் செய்த உருவத்துக்கு உயிர் கொடுக்கிறான். அது கண் விழித்ததும் என்ன செய்தான்? அருவருப்புற்று ஓடிப் போனான்!

அநாதையான அந்தப் பிறவி ஓர் ஏழைக் குடும்பத்தின் குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்து வாழ்கிறது. ஒட்டுக் கேட்டே பேசக் கற்றுக் கொள்கிறது. தான் உணவைத் திருடுவதால் அவர்கள் பட்டினி கிடப்பதைக் கண்டு திருட்டை விட்டுவிடுகிறது. இரவில் அவர்களுக்காக விறகு சேர்த்து வைக்கிறது. ஒரு நாள் துணிந்து உள்ளே போய்ப் பேசுகிறது. வீட்டில் தனியாக இருந்த கிழவர் கண் தெரியாதவர், அன்போடு பேசுகிறார். அதற்குள் மகன் வந்துவிடுகிறான். தடியால் அடித்துத் துரத்துகிறான். பிறகு, ஆற்றில் விழுந்த ஒரு பெண்ணைக் காப்பாற்றியதற்குக் கிடைத்த பரிசு துப்பாக்கிக் குண்டு! அப்புறந்தான் அது கொலைகாரனாகிறது.

சினிமாவிலோ கதையே வேறு. விஞ்ஞானியின் உதவியாள் நல்ல மூளையைக் கீழே போட்டுவிட்டு, குற்றவாளியின் மூளையை எடுத்து வருகிறான். எவ்வளவு சௌகரியமான காரணம், பாருங்கள்! மூளை கெட்டது என்றால், கதவைச் சாத்தியவர்கள் மேல் குற்றமில்லை அல்லவா?

அதற்காகக் கொலை நியாயமாகிவிடுமா? ஒருநாளும் ஆகாது. அது முதலில் கொன்றது விக்டரின் தம்பி, சிறுவன் வில்லியமை. அந்தப் பழியைச் சுமந்து தூக்கில் தொங்கியவளோ ஜஸ்டீன் என்ற நிரபராதி. அவள்மேல் பழி விழச் செய்ததும் அந்தப் பூதமே. மேரி ஷெல்லி இதை மறைக்கவில்லை. ஆனால் கொலைகாரனைக் காட்டுகிற அதே கையால், அவனை அந்த இடத்துக்கு ஓட்டி வந்தவர்களையும் காட்டுகிறார்.

கடைசியில் வடதுருவக் கடலில், ஒரு கப்பலில் விக்டர் இறந்து கிடக்கிறான். அவனருகே நின்று கதறி அழுவது யார் தெரியுமா? அவன் பெயர்கூட வைக்காமல் விட்டுப் போன அந்தப் பிள்ளைதான்.