அம்மாவின் பழஞ்சேலை ஏன் ஆறுதல் தருகிறது?

இலங்கையின் மாத்தளை மாவட்டத்துத் தோட்ட லயன்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன தாய்மார் பலர். அம்மாயியிடம் வளரும் பிள்ளை, அம்மா விட்டுப்போன சேலையை முகத்தோடு அணைத்தால்தான் தூங்கும். ஏன்?

பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்னும் இடைநிலையம் வழியாகவே மூளைப் புறணிக்குப் போகின்றன. வாசனைக்கோ குறுக்குவழி உண்டு. உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளை அது சட்டென எட்டிவிடும். முகர்ந்ததும் அம்மா பக்கத்தில் வந்துவிடுகிறாள்.

பிரிவு ஏன் இத்தனை வலிக்கிறது? பெரியவர்களைச் சார்ந்தே உயிர்வாழும் பிள்ளைக்கு அது ஆபத்தின் மணி. முதலில் அழுது அடம்பிடிக்கும், பிறகு சோர்ந்து ஒடுங்கும், கடைசியில் ஒட்டாமல் விலகும் என்று 1950களில் பிள்ளைகளின் பிரிவுத் துயரை ஆராய்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் ஜான் பௌல்பியும் விளக்கினார்கள். ஆகவே, அழுகை நின்ற பிள்ளை ஆறிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

எப்படித் தாங்க வைப்பது? தினமும் குறித்த நேரத்தில் அம்மாவின் அழைப்பு வரட்டும். அவள் திரும்பும் நாளைக் கலண்டரில் வட்டமிட்டுக் காட்டுங்கள். மாறாத ஒருவர் அருகில் இருக்கட்டும். அடுத்து என்ன என்று தெரிந்தால் பதற்றம் தணியும்.

அந்தச் சேலையை மட்டும் அவசரப்பட்டுத் துவைத்துவிடாதீர்கள்.