கயிற்று யட்சி

‘கயிற்றை முடிந்து முடிந்தே ஒரு பெண் சிற்பம் செய்தாராமே, வெறும் கயிறு எப்படி விறைப்பாக நிற்கும்?’ என்று பாறசாலை வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். சிற்பி மிருணாளினி முகர்ஜியைப் பற்றித்தான் கேட்கிறார்.

1949இல் மும்பையில் பிறந்தவர். அப்பா ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி, அம்மா சிற்பி லீலா முகர்ஜி. பரோடாவில் அவருக்கு ஆசிரியராக இருந்த கே.ஜி. சுப்ரமணியன் நம் கூத்துபறம்பில் பிறந்தவர். 1970களில் மிருணாளினி கையில் எடுத்தது சந்தையில் விற்கும் சணல் கயிறு.

வாசகியின் கேள்விக்குப் பதில் எங்கள் வீட்டு உறியில் இருந்தது. நெய்யாற்றின்கரைப் பக்கத்து அடுக்களைகளில் மோர்ப்பானை தொங்கிய காலம் அது. உறியைப் பாட்டியே முடிவாள். பானையை இறக்கியதும் உறி துவண்டுபோகும். ஆனால் முடிச்சுகளை நெருக்கிப் போட்ட கழுத்து மட்டும் துவளாது. அழுத்திப் பார்த்தால் மரக்கட்டை மாதிரி இருக்கும். மிருணாளினி அந்தக் கழுத்தையே உடம்பு முழுக்க வளர்த்தார் என்று சொல்லலாம். சாயம் தோய்த்த கயிறு, பெரிய உருவமானால் உள்ளே ஓர் இரும்புச் சட்டகம், அப்புறம் விரல்கள்தான். முன்கூட்டி வரைந்துகொள்ளவும் மாட்டார். இறுக்கிய இடம் விறைக்கும், தளர்த்திய இடம் மடிந்து தொங்கும். மடிப்பை வெளியே திருப்பினால் இதழ், உள்ளே சுருட்டினால் பொந்து. ஓர் உருவம் முடிய மாதக்கணக்கில் ஆகும்.

1984இல் இப்படி ஆள் உயரத்துக்கும் மேலே எழும்பியவள்தான் அவருடைய ‘யட்சி’. கள்ளியங்காட்டு நீலியின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு யட்சியை யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். மலம்புழையில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் எழுப்பிய யட்சியையும் பலர் பார்த்திருப்போம். அவள் சிமென்ட்டில் உறுதியாக அமர்ந்திருக்கிறாள். இவளோ நாராலானவள், மரத்திலிருந்து பாதி இறங்கிவந்தவள் போல எனக்குப் படுகிறது.

கயிற்றில் செய்தால் கைவேலை, கல்லில் செய்தால் கலை என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் போகவில்லை. அது எனக்கு வருத்தம். பாட்டியின் உறியை நாங்களே அடுப்பில் போட்டோம். தும்பு திரிக்கும் பெண்களின் விரல்களுக்குத் தெரிந்ததை யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்கவுமில்லை.

பின்னாளில் மிருணாளினி களிமண்ணுக்கும் வெண்கலத்துக்கும் போனார். 2015 ஜனவரி இறுதியில் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவருடைய வாழ்நாள் வேலைகள் காட்சிக்கு வந்தன. பிப்ரவரியில் காலமானார்.

வாசகிக்கு ஒன்று: ஒரு முழம் கயிறு எடுத்துப் பத்து முடிச்சை ஒன்றோடொன்று ஒட்ட இறுக்கிப் போட்டு, ஒரு முனையைப் பிடித்து நிமிர்த்திப் பாருங்கள்.