ஆணையின்றித் தாழ்ந்த தலைகள்!

மன்னர் மறைந்தால் மாநகரம் நிற்கும். அமைச்சர் மறைந்தால் அலுவலகம் மூடப்படும். கொடி தாழும், பீரங்கி முழங்கும், வானொலியிலே சோக கீதம் ஒலிக்கும். சட்டம் சொல்கிறது, சடங்கு நடக்கிறது! ஆனால், ஊரும் பேரும் நாம் அறியாத பதினெட்டு வயது வாலிபன் ஒருவன், மீசை கூடச் சரியாக முளைக்காத ஒரு பிள்ளை, எங்கோ ஒரு பாலைமண்ணிலே வெடிக்குப் பலியாகி, மரப்பெட்டியிலே வீடு திரும்புகிறானே, அவனுக்காக எந்த ஊர் நிற்கும்? எவர் தலை தாழும்?

ஓர் ஊர் நின்றது, தோழர்களே! ஒரு நாள் அல்ல, இரு நாள் அல்ல, நான்காண்டுக் காலம் நின்றது! ஆணையிட்டவர் எவருமில்லை; அழைப்பிதழ் அச்சடித்தவர் எவருமில்லை; ஆனாலும் நின்றது!

இங்கிலாந்து நாட்டின் வில்ட்ஷயர் பகுதியிலே இருக்கிறது, வூட்டன் பாசெட் என்னும் சிற்றூர். அன்று ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த இடம். ஒரு கடைத்தெரு, ஒரு பழைய மாதாகோயில், போரில் இறந்தோர்க்கு ஒரு நினைவுச் சின்னம், மாலையில் கூடிப் பேச மதுக்கடைகள். வரலாற்று ஆசிரியன் திரும்பிப் பார்க்கத்தக்க கோட்டையுமில்லை, கொத்தளமுமில்லை. சில கல் தொலைவிலே லைன்ஹாம் விமானப்படைத் தளம் இருந்தது. அவ்வளவுதான் அதன் சிறப்பு!

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் மாண்ட பிரிட்டிஷ் படையினரின் உடல்கள் முன்பெல்லாம் பிரைஸ் நார்ட்டன் தளத்தில் வந்திறங்கின. 2007 ஏப்ரலில், அங்கே ஓடுபாதையைச் செப்பனிடும் வேலை நடந்ததால், விமானங்கள் லைன்ஹாமுக்குத் திருப்பப்பட்டன. அங்கிருந்து ஆக்ஸ்போர்டு மருத்துவமனைக்குப் பிரேத வண்டிகள் போக வேண்டும். போகும் வழியிலே வூட்டன் பாசெட் கடைத்தெரு! பாருங்கள், பெருஞ்செயல் எங்கே பிறக்கிறது என்று! ஓடுபாதை பழுதானது, ஓர் ஊரின் உள்ளம் உலகுக்குத் தெரிந்தது!

முதலிலே நின்றவர்கள் ஒரு சிலரே. முன்னாள் படைவீரர் சங்கத்து முதியவர்கள். தெருவழியே சவப்பெட்டி போவதைக் கண்டார்கள், விறைத்து நின்று வணக்கம் செலுத்தினார்கள். பக்கத்துக் கடைக்காரர் பார்த்தார், அவரும் வந்து நின்றார். அடுத்த முறை பத்துப் பேர் கூடினர், அதற்கடுத்த முறை நூறு பேர், பின்னர் ஆயிரங்கள்! செய்தி தெரிந்ததும், விற்பவர் கல்லாவை விட்டு எழுவார், வாங்க வந்தவர் பையைக் கீழே வைப்பார். மாதாகோயிலின் பெரிய மணி முழங்கும். தெருவின் இருபுறமும் வரிசை நிற்கும். பேச்சு அடங்கும். வண்டிக்கு முன்னே ஒருவர் நடந்து வருவார். நினைவுச் சின்னத்தருகே வண்டி நிற்கும். படைவீரர் சங்கத்துக் கொடிகள் தாழும். பெற்றவளும் உடன்பிறந்தவளும் வந்து, வண்டியின் மீது மலர் வைத்து, கண்ணாடியைத் தொட்டு அழுவார்கள். சிறிது நேரம்! வண்டி நகரும். ஊர் மறுபடியும் தன் வேலையைப் பார்க்கப் போகும்.

சொற்பொழிவு இல்லை. தலைவர்களுக்கு நாற்காலி இல்லை. 'இன்னார் தலைமையில்' என்ற சுவரொட்டி இல்லை. மேடை ஏறிப் பேசியே பழகிய நமக்கெல்லாம் பாடம் அல்லவா இது!

2009 ஜூலைத் திங்களை எண்ணிப் பாருங்கள். ஒரே வண்டி, ஒரே வெடி, இருவர் மாண்டனர். ஒருவர் பெரும்படைப் பிரிவின் தலைவர், லெப்டினன்ட் கர்னல் பதவியிலிருந்தவர். மற்றவர் பதினெட்டே வயதான சாதாரணச் சிப்பாய். அவருக்கும் மணி அடித்தது, இவருக்கும் மணி அடித்தது. அந்தத் தெரு பதவியைக் கேட்டு அளந்து பார்த்துத் தலை குனியவில்லை! அதே திங்களில், ஒரே நாளில் எட்டுப் பெட்டிகள் வந்தன. அந்த எட்டுப் பேரிலே மூவருக்கு வயது 18! வாக்குரிமை வந்த ஆண்டிலேயே வாழ்க்கை முடிந்துவிட்டது. எட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தபோது, ஊரே விம்மியது.

"போரை ஆதரித்தா நின்றார்கள்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கூட்டத்திலே போரை ஆதரித்தவரும் இருக்கலாம், எதிர்த்தவரும் இருக்கலாம். மணி அடித்ததும் எல்லோரும் மனிதரானார்கள்! அரசியலை அந்தத் தெருவுக்குள் விடாமல் காத்தது அந்த ஊர். 2010 சனவரியில், போரில் மாண்ட முஸ்லிம் பொதுமக்களின் பெயரால் வெற்றுச் சவப்பெட்டிகளைத் தூக்கி அங்கே ஊர்வலம் விடப்போவதாக ஒரு சிறு கூட்டம் அறிவித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது, பிரிட்டிஷ் முஸ்லிம்களின் பேரவையே அதனைக் கண்டித்தது, ஊர்வலம் கைவிடப்பட்டது. ஆப்கன் தாயின் கண்ணீருக்கும் விலையுண்டு, மறுப்பவன் மனிதனல்லன். ஆனால், ஒரு தாயின் கண்ணீரை இன்னொரு தாயின் முகத்திலே வீசுவது நீதியாகுமா?

அதே வேளையில், தாழ்ந்த தலை நிமிரும்போது கேள்வி கேட்கத்தான் வேண்டும். அந்தப் பிள்ளையை அனுப்பியது யார்? எதற்காக அனுப்பினர்? ஈராக்கில் 179 பிரிட்டிஷ் படையினரும், ஆப்கானிஸ்தானத்தில் 457 பேரும் உயிரிழந்தனர். 2016 ஜூலையில் வெளிவந்த சில்காட் விசாரணை அறிக்கை என்ன சொன்னது? ஈராக்மீது படையெடுத்தபோது அமைதி வழிகள் அனைத்தும் தீர்ந்துவிடவில்லை என்றது! வீரர்களுக்குத் தகுந்த கவச வண்டிகள் கிடைப்பதில் காலதாமதம் நேர்ந்தது என்றது! 2021 ஆகஸ்டில் காபூல் நகரம் மீண்டும் தாலிபான் கைக்குப் போயிற்று. மாளிகையிலே போட்ட கணக்கு தவறியது. அதற்கான கடனைச் செலுத்தியவனோ பதினெட்டு வயதுப் பிள்ளை! மரியாதை வேறு, மன்னிப்பு வேறு. மாண்டவனுக்கு மரியாதை, மாளவிட்டவனிடம் கணக்கு! இரண்டையும் கேட்டு வாங்குவதே மக்களின் கடமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரின்போது, 1917இல், பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் அமைத்தார்கள். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல், வேற்றுமை கிடையாது என்றார்கள். உயர்ந்த கொள்கை! ஆனால் நடந்தது என்ன? 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே வெளியிட்ட ஆய்வு ஒப்புக்கொண்டது: ஆப்பிரிக்க, ஆசிய, மத்திய கிழக்கு நாடுகளைச் சேர்ந்தவர்களில், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைக்கப்படவில்லை, அல்லது நினைக்கப்படவே இல்லை, அந்தத் தொகை 3,50,000 வரை கூட இருக்கலாம்! நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார் பாதுகாப்பு அமைச்சர். சுமை தூக்கியவன், சாலை போட்டவன், ஒட்டகம் ஓட்டியவன், எல்லோரும் அதே போரிலேதான் மாண்டார்கள். குண்டுக்கு நிறவேற்றுமை இல்லை. கல்லுக்கு மட்டும் எப்படி வந்தது? ஆநிரை மீட்க மாண்டவனுக்கும் கல் நட்டு, அவன் பெயரும் பெருமையும் பொறித்த மரபினர் நாம். பெயரில்லாமல் புதைப்பது எத்தகைய கொடுமை என்பது நமக்குப் புரியும்.

அதனால்தான் வூட்டன் பாசெட் உயர்ந்து நிற்கிறது. பேரரசு நூறாண்டுக்கு முன் ஏட்டிலே எழுதி நாட்டிலே தவறவிட்டதை, ஒரு கடைத்தெரு தன் கால்களால் நின்று காட்டியது!

2011 ஆகஸ்டு இறுதியில் அந்தக் கடமை முடிந்தது. விமானங்கள் மறுபடியும் பிரைஸ் நார்ட்டனுக்கே மாற்றப்பட்டன. 167 முறை அந்தத் தெரு நின்றிருந்தது. 345 பேருக்குத் தலை வணங்கியிருந்தது. ஆகஸ்டு 31 அந்தி நேரத்தில் கொடியை இறக்கி, மாதாகோயிலில் வைத்து, மறுநாள் பிரைஸ் நார்ட்டன் தளத்தருகே உள்ள கார்ட்டர்ட்டன் ஊரிடம் ஒப்படைத்தார்கள். 2011 அக்டோபர் 16இல் அரச குடும்பத்து இளவரசி நேரில் வந்து, 'ராயல்' என்ற பட்டத்தை ஊருக்கு வழங்கினார். 1909க்குப் பிறகு எந்த ஊருக்கும் கிடைக்காத பட்டம்! அரண்மனை தந்த பட்டத்தை நாம் பெரிதாகப் பேசவில்லை, தோழர்களே! அரண்மனை ஓர் ஊரைத் தேடி வந்ததே, அதைப் பேசுகிறோம். மக்கள் முன்னே நடந்தார்கள். முடியாட்சி பின்னே வந்தது!

எந்த நாட்டிலும், எந்தச் சிற்றூரிலும், பாட்டாளி வீட்டுப் பிள்ளை ஒருவன் பெட்டியிலே திரும்பி வரக்கூடும். அன்று நில்லுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம், ஊர் நின்றால் போதும். அவன் பெயரை எழுதி வையுங்கள். பதவி பார்த்து எழுத்தின் அளவை மாற்றாதீர்கள். மாலை வாடிய பிறகு, அவன் தாய்க்குச் சேர வேண்டிய ஓய்வூதியம் சேர்ந்ததா என்று போய்க் கேளுங்கள். சேரவில்லை என்றால், அவளோடு அலுவலக வாசலிலும் போய் நில்லுங்கள்!